கங்காணி: ஆங்கில அகராதிக்குள் போன ஒரு தோட்டத்துச் சொல்



தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள் எவை என்று மேடையில் கேட்டால் உடனே ஒரு பட்டியல் வந்து விழும். கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர், கறி. சொல்பவருக்கும் பெருமை, கேட்பவருக்கும் பெருமை. அந்தப் பட்டியலில் பெரும்பாலும் யாரும் சேர்க்காத சொல் ஒன்று உண்டு. பெரிய ஆங்கில அகராதி ஒன்றை எடுத்து 'கே' எழுத்துப் பகுதியைப் புரட்டினால், கங்காரு என்ற விலங்குக்குச் சற்று முன்னால் அது இருக்கும். இலண்டனில் பிறந்து வளர்ந்தவருக்கு அதன் பொருள் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. ஆனால், போர்ட்டிக்சன் பக்கம் ஏதாவது ஒரு பழைய தோட்டத்தில் பிறந்த எழுபது வயதுப் பாட்டிக்கு நன்றாகவே தெரியும். ஆங்கிலம் அறியாத அந்தப் பாட்டிக்குத் தெரிந்த அந்த ஆங்கிலச் சொல், கங்காணி.

அகராதி தரும் விளக்கம் மிகச் சிறியது. இலங்கை, தென்னிந்தியா, மலாயா ஆகிய இடங்களில் தொழிலாளர் குழு ஒன்றை மேற்பார்வை செய்யும் உள்ளூர்த் தலைவன், தமிழ்ச் சொல், அவ்வளவுதான். தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் இந்தச் சொல் ஒரு மனிதரை மட்டும் குறித்ததில்லை. ஊரிலிருந்து கிளம்பியது, கப்பலேறியது, கடன்பட்டது, திருமணம் நடந்தது, திருவிழாவில் யாருக்கு முதல் மரியாதை என்பது என எல்லாமே இந்த ஒரு சொல்லைச் சுற்றித்தான் நடந்தன. அகராதியின் ஒரு வரியில் அடங்காமல் வெளியே நிற்பவை எவை என்பதே இன்றைய உரையின் பொருள்.

முதலில் சொல்லின் பிறப்பு. 'கண்', 'காண்' என்ற இரண்டும் சேர்ந்து பிறந்தது கண்காணி. கண்ணால் காண்பவர், அதாவது பார்த்துக்கொள்பவர். சோழர் காலத்துக் கோயில் கல்வெட்டுகளில் இந்தச் சொல் இருக்கிறது. கோயில் காரியங்களையும் கணக்குகளையும் மேற்பார்த்தவர்கள் 'ஸ்ரீமாகேசுவரக் கண்காணி செய்வார்' என்று குறிக்கப்பட்டார்கள். கோயில் சொத்தில் யாரும் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அது. திருமூலர் இன்னும் ஒரு படி மேலே போனார். மறைவாகத் தவறு செய்கிறவர்களை எங்கும் நிறைந்து பார்த்துக்கொண்டிருக்கும் இறைவனையே அவர் கண்காணி என்று அழைத்தார். தமிழில் இந்தச் சொல் ஒரு காலத்தில் அவ்வளவு உயரத்தில் இருந்தது.

பின்னாளில் கிறித்துவ வேதத்தைத் தமிழில் பெயர்த்தவர்களும் இதே சொல்லைத் தேடி வந்தார்கள். சபையின் தலைவரைக் குறிக்கும் 'எபிஸ்கோப்பஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு நேர்ப்பொருள் 'மேலிருந்து பார்ப்பவர்'. அதே கிரேக்கச் சொல் தேய்ந்து தேய்ந்துதான் ஆங்கிலத்தில் 'பிஷப்' ஆனது. தமிழ் வேதாகமத்தில் அந்த இடத்தில் நிற்பது கண்காணி என்ற சொல். 'சூப்பர்வைசர்' என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தாலும் இலத்தீனில் மேலே என்பதும் பார்ப்பது என்பதும்தான் உள்ளே இருக்கின்றன. ஆக, பிஷப்பும் சூப்பர்வைசரும் கங்காணியும் பிறப்பால் பங்காளிகள். ஒருவர் தேவாலயத்துக்குப் போனார், ஒருவர் தொழிற்சாலைக்குப் போனார், ஒருவர் இரப்பர்க் காட்டுக்குப் போனார்.

இங்கே ஒரு சின்ன விவரத்தைக் கவனிக்க வேண்டும். கல்வெட்டிலும் வேதாகமத்திலும் இருப்பது 'கண்காணி'. ஆங்கிலம் எடுத்துக்கொண்டதோ 'கங்காணி'. 'ண்' என்ற ஒலி, அடுத்து வரும் 'கா'வுக்கு இசைந்து பேச்சில் 'ங்' ஆகிவிடுகிறது. அந்தப் பேச்சு வடிவத்தைத்தான் ஆங்கிலேயர் எழுத்துக் கூட்டி எழுதிவைத்தார்கள். புலவரிடமோ ஏட்டிலிருந்தோ அவர்கள் இந்தச் சொல்லைப் பெறவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். லயத்து வாசலில், பெரட்டுக் களத்தில், தொழிலாளியின் வாயிலிருந்து கேட்டு எழுதிய சொல் இது. துரைமார் தமிழ் கற்பதற்காகவே 19ஆம் நூற்றாண்டில் கொழும்பில் ஒரு கையடக்க நூல் வெளிவந்தது. அதன் தலைப்பு 'இங்கே வா'. துரைக்கும் தொழிலாளிக்கும் இடையே தமிழ் எந்த வேலைக்குத் தேவைப்பட்டது என்பதை அந்தத் தலைப்பே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இதே வழியில் போன இன்னொரு சொல்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விவரம் தெளிவாகும். கூலி. தமிழில் கூலி என்பது வேலைக்குக் கிடைக்கும் ஊதியம். வேலை செய்பவர் கூலிக்காரர் அல்லது கூலியாள். ஆங்கிலத்தில் வழங்கும் 'கூலி' என்ற சொல்லின் மூலம் பற்றி வேறு கருத்துகளும் உண்டு. ஆனால் தோட்டப்புறத்தில் அது எப்படிப் பயன்பட்டது என்பதில் ஐயமில்லை. அங்கே ஊதியத்தின் பெயர் மனிதனின் பெயராகிவிட்டது. சம்பளத்தையும் ஆளையும் வேறு வேறாகப் பார்க்கத் தேவையில்லை என்று கணக்குப் புத்தகம் முடிவு செய்துவிட்டது. கங்காணி என்ற சொல்லுக்கும் இப்படி ஒரு மாற்றம் நேர்ந்தது. தமிழில் பார்ப்பவர் என்று பொருள்பட்ட சொல், ஆங்கில அரசாங்க அறிக்கைகளில் 'கங்காணி முறை' என்ற தொடராகி, ஆள் சேர்க்கும் ஏற்பாட்டைக் குறிக்கத் தொடங்கியது. கண்ணைக் குறித்த சொல், ஆளைப் பிடித்துக் கூட்டி வரும் கையைக் குறிக்கும் சொல்லாக மாறியது.

அந்த மாற்றம் நடந்த இடம் இலங்கை. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அங்கே காப்பித் தோட்டங்கள் பெருகியபோது, தமிழகத்துக் கிராமங்களிலிருந்து ஆள் கூட்டி வந்தவர் கங்காணி. வழிச்செலவுக்கும் ஊரில் இருந்த கடனை அடைப்பதற்கும் அவர் முன்பணம் கொடுப்பார். அது தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறும். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், கடன் இவ்வளவு, கொடுத்தால் ஆளை விடலாம் என்று எழுதிய காகிதம் வேண்டும். அந்தக் காகிதத்துக்குப் பெயர் 'துண்டு'. அந்தச் சொல்லும் ஆங்கிலத்தில் ஏறியது. 1921இல் சட்டம் போட்டு ஒழிக்கும்வரை இலங்கையில் அது புழங்கியது. துண்டுக் காகிதம் ஒன்றில் ஒரு குடும்பமே கைமாறியது என்பது சொல்வதற்கு எளிது.

இலங்கைக் காப்பியை 1869இல் ஓர் இலைநோய் தாக்கியது. அடுத்த இருபது ஆண்டுகளில் அந்தத் தொழிலே அங்கே படுத்துவிட்டது. காப்பி தெரிந்த துரைமார் சிலர் புது மண் தேடி மலாயாவுக்கு வந்தார்கள். அவர்கள் கண்ணில் பட்ட இடங்களில் ஒன்று சுங்கை ஊஜோங், அதாவது இன்றைய சிரம்பானும் போர்ட்டிக்சனும் அடங்கிய பகுதி. 1880களில் அங்கே காப்பித் தோட்டங்கள் இருந்தன. லின்சம் தோட்டத்தின் பெயர் அந்தக் காலத்துப் பதிவுகளிலேயே இருக்கிறது. 1891இல் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. காப்பி விலை விழுந்து இரப்பர் விலை ஏறியபோது, காப்பிச் செடிக்கு நடுவே பால்மரக் கன்று ஊன்றப்பட்டது. பயிர் மாறியது. பயிரோடு கூட இலங்கையிலிருந்து வந்த சொற்கள் மாறவில்லை. துரை, கங்காணி, பெரட்டு, லயம் எல்லாம் அப்படியே இரப்பருக்கும் வேலை செய்தன.

மலாயாவில் அதற்கு முன்பே வேறொரு முறை இருந்தது. ஒப்பந்தம் போட்டு ஆளைக் கொண்டு வருவது. அப்படி வந்தவர்களைத் தோட்டத்துத் தமிழ் 'சஞ்சிக்கூலி' என்று அழைத்தது. மலாய் மொழியில் வாக்குறுதியையும் ஒப்பந்தத்தையும் குறிக்கும் 'ஜன்ஜி' என்ற சொல் தமிழ் வாயில் சஞ்சியானது. ஒப்பந்தம் முடியும் முன் ஓடினால் சிறை. அந்த முறை 1910இல் நிறுத்தப்பட்டது. இந்தியர் குடியேற்றத்தை ஆராய்ந்து 1969இல் பெரிய நூல் எழுதிய கெர்னியல் சிங் சந்துவின் கணக்குப்படி, 1844 முதல் 1910 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் சுமார் இரண்டரை இலட்சம் பேர். கங்காணி வழியாக 1865 முதல் 1938 வரை வந்தவர்களோ ஏறத்தாழ 12 இலட்சம் பேர். எல்லோரும் தங்கிவிடவில்லை. போவதும் வருவதுமாக இருந்தவர்கள் ஏராளம், காய்ச்சலில் மண்ணோடு போனவர்களும் ஏராளம். ஆனாலும் இன்று மலேசியாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பலவற்றின் வேர் ஒரு கங்காணியின் கையில்தான் போய் முடியும்.

அந்தக் கை எப்படி வேலை செய்தது? தோட்டத்தில் சில ஆண்டுகள் உழைத்து, துரையின் நம்பிக்கையைப் பெற்ற ஒரு தொழிலாளி தேர்ந்தெடுக்கப்படுவார். கையில் ஆள் சேர்க்கும் உரிமமும் செலவுக்குப் பணமும் கொடுத்து ஊருக்கு அனுப்பப்படுவார். அவர் நேரே போவது சொந்தக் கிராமத்துக்கு. திருச்சியோ தஞ்சையோ சேலமோ ஆர்க்காடோ, எங்கே தன்னைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்களோ அங்கே. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, செலவழிக்கக் காசு. மழை பொய்த்த ஊரில், பண்ணையாரிடம் பட்ட கடன் கழுத்தை நெரிக்கும் குடிசையில், அந்தக் கோலத்துக்கு இருந்த வலிமை எந்த விளம்பரத்துக்கும் இருக்காது. வந்தவர் அந்நியரும் அல்லர். மாமனாக இருப்பார், பங்காளியாக இருப்பார், குறைந்தது ஒரே தெருவாக இருப்பார். நம்பாமல் என்ன செய்வது?

கிராம முன்சீப்பின் கையொப்பம் வாங்கி, நாகப்பட்டினத்திலோ சென்னையை அடுத்த ஆவடியிலோ இருந்த முகாமில் தங்கவைத்து, கப்பலேற்றி, பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறக்கி, நோய்த்தடுப்பு முகாமில் சில நாள் அடைத்து, அதன் பிறகு தோட்டம். கூட்டமாக வந்தவர்கள் கூட்டமாகவே லயத்தில் குடியேறினார்கள். சொந்த பந்தம் கப்பலேறியது போலவே சாதியும் கப்பலேறியது. இன்ன சாதிக்கு இந்த லயம் என்று பிரித்துவைத்த தோட்டங்கள் இருந்தன. உறவையும் சாதியையும் துரை உருவாக்கவில்லை. அவற்றைக் கொண்டு வந்து சேர்க்க ஒரு ஆள் இருந்தால், வேலியும் காவலும் குறைவாகப் போதும் என்று துரை கண்டுபிடித்தார். அந்த ஆளின் பெயரைத்தான் அகராதி மேற்பார்வையாளர் என்று எழுதிவைத்திருக்கிறது.

சட்டம் இதில் நுழைந்தது 1907இல். தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்று ஏற்படுத்தப்பட்டது. பெயரிலேயே தமிழர்! பின்னர் அது இந்தியர் குடியேற்ற நிதி ஆனது. இந்தியத் தொழிலாளர்களை வேலைக்கு வைத்திருக்கும் ஒவ்வொரு முதலாளியும், தான் ஆள் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும், இந்த நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். கப்பல் செலவு அதிலிருந்து போகும். ஆகவே சட்டப்படி, வந்து இறங்கும் தொழிலாளியின் தலையில் பயணக் கடன் இல்லை. ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்தால் வேலையை விடலாம். இலங்கையின் துண்டு முறையோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம்தான். அதை மறுப்பது நியாயமாகாது.

ஆனால் தாளில் கடன் தீர்ந்தாலும் லயத்தில் தீரவில்லை. கங்காணிக்கு மாதச் சம்பளம் மட்டுமல்லாமல், அவருடைய ஆட்களில் எத்தனை பேர் அன்று வேலைக்கு வந்தார்கள் என்ற கணக்கில் தலைக்காசு கிடைத்தது. ஒருவர் காய்ச்சலில் படுத்தால் கங்காணிக்குக் காசு குறையும். வீட்டு வாசலில் வந்து கதவைத் தட்டியது அக்கறையாலா காசாலா என்று அன்றைக்குப் படுத்துக் கிடந்தவருக்குத் தெரிந்திருக்கும். பல தோட்டங்களில் மளிகைக் கடையும் கங்காணியுடையது, வட்டிக்குப் பணம் கொடுப்பவரும் அவர். மாதக் கடைசியில் சம்பளம் கைக்கு வரும் முன்பே கடைக் கணக்கில் கரைந்துவிடும். பெண்களின் நிலை இன்னும் கடினமானது. எந்த நிரை யாருக்கு, மேட்டுக்காடா பள்ளக்காடா, வெளிக்காட்டு வேலையா பால்வெட்டா என்று தீர்மானிக்கும் அதிகாரம் ஒருவர் கையில் இருந்தால், அந்த அதிகாரம் வேறு எதற்கெல்லாம் பயன்பட்டிருக்கும் என்பதைத் தோட்டத்துப் பாட்டிகள் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் சாடையாகச் சொல்லியிருக்கிறார்கள். நாட்டுப்புறப் பாடல்களில் துரையைவிடக் கங்காணிக்குத்தான் வசவு அதிகம். துரை தூரத்தில் இருந்தார், கங்காணி வாசலில் இருந்தார்.

இத்தோடு நிறுத்திவிட்டால் கதை எளிதாகிவிடும். கங்காணி கெட்டவர், தொழிலாளி நல்லவர் என்று கைகழுவிவிடலாம். தோட்டப்புற வரலாறு அப்படி நடக்கவில்லை. தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு முதல் கல் எடுத்து வைத்தவர் பல இடங்களில் ஒரு கங்காணி. பிணக்கைத் தீர்த்துவைத்தவர், பெண் பார்த்துக் கல்யாணம் முடித்துவைத்தவர், ஊருக்குக் கடிதம் எழுத ஆள் பிடித்துக் கொடுத்தவர், இறந்தவருக்குக் கொள்ளி போடப் பிள்ளை இல்லாவிட்டால் முன்னால் நின்றவர் என்று அவரைச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டமே பள்ளிக்கூடம் நடத்த வேண்டும் என்று 1920களில் தொழிலாளர் சட்டம் சொன்னது. அப்போது பல தோட்டங்களில் முதல் ஆசிரியராக நின்றவர்கள் எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணிகளும் கிராணிகளும்தான். கொட்டகையில் மணல் பரப்பி, விரலால் 'அ' எழுதச் சொல்லிக் கொடுத்தார்கள். இன்று நெகிரி செம்பிலானில் இருக்கும் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் பெயரில் இன்னமும் ஒரு தோட்டத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனித்தால் இந்த வரலாறு தெரியும்.

அவரும் கப்பலில் வந்த தொழிலாளிதான். துரை வீட்டுப் படியில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நின்றார். மேலே பார்த்துக் கைகட்டியவர், கீழே பார்த்துக் கை ஓங்கினார். இந்த இரண்டையும் ஒரே உடம்பில் சுமந்த மனிதருக்கு ஆங்கிலத்தில் சொல் இல்லை. அதனால்தான் ஆங்கிலேயர் தமிழ்ச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள் என்று தோன்றுகிறது. மேற்பார்வையாளருக்கு அவர்கள் மொழியில் சொல்லா இல்லை? 'ஓவர்சியர்' இருந்தது, 'ஃபோர்மன்' இருந்தது. அவை எதுவும் இந்த உறவுக்குப் பொருந்தவில்லை. அசாம் தேயிலைத் தோட்டத்தில் இதே வேலையைச் செய்தவர் சர்தார், பர்மாவிலும் வால்பாறையிலும் மேஸ்திரி. எங்கே போனாலும் ஆங்கிலம் அந்த மனிதரை உள்ளூர்ப் பெயராலேயே அழைத்தது. பழி வரும்போது அது உள்ளூர்ப் பழியாகவே நின்றுவிடும் வசதியும் அதில் இருந்தது.

கங்காணி என்ற சொல்லின் அதிகாரம் தளர்ந்தது 1930களில். உலகப் பொருளாதார மந்தத்தில் இரப்பர் விலை சரிந்தது. ஒரு நாளைக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்றிருந்த சம்பளம் முறையே 40, 32 என்று வெட்டப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1936ஆம் ஆண்டின் கடைசியில் நிலைமையைப் பார்வையிட இந்தியாவிலிருந்து வந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி, கங்காணி வழி ஆள் சேர்ப்பு இனித் தேவையில்லை என்று தம் அறிக்கையில் எழுதினார். சாஸ்திரி தொழிலாளர்கள் பக்கம் நின்று போதிய அளவு பேசவில்லை என்று அன்றே குறை கூறியவர்கள் உண்டு. ஆனால் இந்த ஒரு பரிந்துரை காலத்தால் நின்றது. 1938இல் சம்பளத்தை மீண்டும் குறைக்கத் தோட்ட முதலாளிகள் முனைந்தபோது, உதவிப் பயணத்தில் தொழிலாளர்கள் மலாயா போவதற்கு இந்திய அரசாங்கம் தடை போட்டது. ஊருக்குப் போய் ஆள் கூட்டி வரும் கங்காணி அத்தோடு முடிந்தார். தோட்டத்துக்குள் வேலை வாங்கும் கங்காணி மிஞ்சினார்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1941இல், கிள்ளான் வட்டாரத்தில் நடந்த வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று இன்றைக்கு விசித்திரமாக இருக்கும். துரையையோ தோட்டத்து அதிகாரிகளையோ கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். காசு கேட்டதோடு, சைக்கிளில் உட்கார்ந்தபடியே போகும் உரிமையையும் கேட்டார்கள். மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு எதிரான முதல் குரல்களில் ஒன்று அது. பிறகு ஜப்பானியர் ஆட்சி, சயாம் மரண ரயில். தோட்டங்களிலிருந்து ஆண்களைப் பேர் குறித்து அனுப்பிய அந்தக் காலத்தைப் பற்றித் தனியாகவே ஒரு மன்றம் கூட்ட வேண்டும்.

போருக்குப் பின் சிரம்பானில் வேறொரு முயற்சி தொடங்கியது. நெகிரி செம்பிலான் தோட்டத் தொழிலாளர்களைத் திரட்டிய தொழிற்சங்கத்தில் பி.பி. நாராயணன் என்ற இளைஞர் முன்னணியில் நின்றார். மாநிலச் சங்கங்கள் 1954இல் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஆனது. நாராயணனுக்கு 1962இல் மகசேசே விருது கிடைத்தது. அந்தச் சங்கத்தின் சாதனைகள் பற்றியும் குறைகள் பற்றியும் இருவேறு கருத்துகள் இன்றும் இருக்கின்றன. ஆனால் ஒன்று நிச்சயம். சம்பளம், வேலை நேரம், விடுமுறை எல்லாம் சங்கத்துக்கும் முதலாளிகளுக்கும் இடையே பேசி எழுதப்படும் ஒப்பந்தமாக ஆனபோது, கங்காணியின் வாய்ச்சொல்லுக்கு இருந்த விலை போய்விட்டது. தலைக்காசு போனது. மலாய் வழக்கில் இருந்த 'மண்டோர்' என்ற பெயர் அவர் இடத்தை மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டது.

மனிதர் போனபின் சொல் சும்மா இருக்கவில்லை. அது வசைச் சொல்லாக வேலைக்குச் சேர்ந்தது. அரசியல் மேடையில் ஒரு தலைவரைத் தாக்க வேண்டுமா? 'கங்காணி அரசியல்' என்றால் போதும். மேலிடத்துக்குத் தலையாட்டிவிட்டு, சொந்த மக்களைக் கணக்குக் காட்டி வாழ்கிறவர் என்று எல்லோருக்கும் புரியும். இலங்கை மலையகத்திலும் இதே வசை உண்டு. இந்தப் பொருளை எந்த ஆங்கில அகராதியும் இன்னும் முழுதாகப் பிடிக்கவில்லை. இன்னொரு பக்கம், சிங்களவர்களிடையே 'கங்கானம்கே' என்பது பரவலான குடும்பப் பெயர். கங்காணி வீட்டார் என்று பொருள். அங்கே அதைச் சொல்லிக்கொள்ள யாரும் கூசுவதில்லை. மலேசியாவில் கங்காணி பேரன் என்று ஒருவர் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்வது அரிது. சொன்னாலும் ஒரு சிரிப்போடு சொல்வார். அந்தச் சிரிப்பில் பாதி பெருமை, பாதி தயக்கம்.

அதே சமயம், மூலச் சொல்லான கண்காணி தமிழில் நல்ல பதவியில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் காவல் கண்காணிப்பாளர் என்றால் மாவட்டத்துக்கே பெரிய அதிகாரி. பள்ளித் தேர்வில் கண்காணிப்பாளர் உண்டு, கடைத்தெருவில் கண்காணிப்புக் கேமரா உண்டு. ஓர் எழுத்துத்தான் வேறுபாடு. 'ண்' இருந்தால் சல்யூட், 'ங்' வந்தால் சாபம். ஒரு சொல்லைப் புலவர் உச்சரிப்பதற்கும் லயத்தில் உச்சரிப்பதற்கும் இடையே இவ்வளவு தூரம் விழுந்ததற்கு இலக்கணம் காரணமில்லை.

நெகிரி செம்பிலானில் இன்று அந்தத் தோட்டங்களைத் தேடிப் போனால் பாதியிடம் அடையாளம் தெரியாது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. நீலாய், செண்டாயான் பக்கங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. 1968இல் வேலை அனுமதிச் சட்டம் வந்தபோது குடியுரிமை இல்லாத சுமார் 60,000 இந்தியர்கள் நாட்டை விட்டுப் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத்தவர். பிள்ளை பிறந்ததைப் பதிய யாரும் சொல்லிக் கொடுக்காத லயத்தில் பிறந்தவர்களுக்குத் தாளில் ஊர் இல்லை. கங்காணி கூட்டி வந்ததற்குச் சாட்சி இருந்தது, இருந்து வாழ்ந்ததற்குச் சாட்சி இல்லாமல் போனது. இன்றும் சிவப்பு அடையாள அட்டையோடு அலுவலகப் படியேறும் முதியவர்களின் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

செம்பனைக் காட்டில் இன்று குலை வெட்டுபவர்கள் பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள். ஊரில் ஒரு முகவர், அவருக்கு மேல் ஒரு முகவர், கடன் வாங்கிக் கட்டிய பணம். 2020இல் மலேசியாவின் இரண்டு பெரிய செம்பனை நிறுவனங்களின் எண்ணெயை அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்து நிறுத்தியபோது, அது சொன்ன காரணங்களில் ஒன்று கடனால் கட்டுண்ட உழைப்பு. பின்னர் அந்நிறுவனங்களில் ஒன்று தொழிலாளர்கள் கட்டிய ஆள்சேர்ப்புக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2023இல் அதன் மீதான தடை நீங்கியது. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டது எதற்காக என்பதை இந்த இடத்தில் நேயர்கள் நினைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்தப் புதிய தொழிலாளர்கள் தங்களைக் கூட்டி வந்தவரைக் கங்காணி என்று சொல்வதில்லை. இந்தோனேசியர் 'தெக்கோங்' என்கிறார்கள், வங்காளிகள் 'தலால்' என்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கை. கிழக்கத்திய நாடுகளிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொற்களைத் தொகுத்து 1886இல் வெளியான 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதியில், கணக்கப்பிள்ளை என்ற நல்ல தமிழ்ச் சொல் 'கானிகாப்பொலி' என்று சிதைந்து கிடக்கும். அதே அகராதியில் தலால் என்ற சொல்லும் 'டெலோல்' என்ற கோலத்தில் இருக்கிறது. தரகர் என்று அதற்குப் பொருள் எழுதியிருக்கிறார்கள். அவ்வளவுதான் எழுதியிருக்கிறார்கள்.